கடலில் காஃபீன்: குற்றவாளி காப்பித் தோட்டமா?

“காப்பி கடலைக் கெடுக்கிறது” என்ற பொருளில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும் நம்மவர் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களை நினைத்துக்கொண்டால் வியப்பில்லை. ஆனால், அச்செய்திகள் சுட்டும் விரல் தவறான திசையில் நீள்கிறது என்பதே நம் கருத்து.

நாம் அருந்தும் காஃபீனைக் கல்லீரல் பெரும்பாலும் வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. மாறாமல் சிறுநீரில் வெளியேறுவது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே. டம்ளர் கழுவிய நீரும், மிச்சமென்று கொட்டிய காப்பியும் தேநீரும் அதனுடன் சேர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. நன்றாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியாக்கள் இதில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிடும். ஆகவே, கடல்நீரில் காஃபீன் தென்பட்டால், சரிவரச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் எங்கோ கலக்கிறது என்று பொருள். அறிவியலார் காஃபீனைத் தேடுவதும் பெரிதும் இந்தத் துப்புக்காகத்தான்.

2012இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையைப் பற்றியது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அருகில் காஃபீன் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மிகுதியாகக் கிடைத்ததோ, தூய்மையானவை என்று கருதப்பட்ட ஒதுக்குப்புறக் கரைகளில்! லிட்டருக்கு ஏறக்குறைய 45 நானோகிராம் வரை இருந்தது. (ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம்.) வீட்டுக் கழிவுத் தொட்டிகளின் கசிவு மீதே ஐயம் விழுந்தது. ஆரிகனில் காப்பி விளைவதில்லை என்பதை நினைவில் கொள்க.

இனி நம் ஊருக்கு வருவோம். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நெடுங்காலமாக அந்நகரின் சாக்கடையைச் சுமந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. காவிரி நீரில் மருந்துப் பொருள்களோடு காஃபீனும் இருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021இல் தெரிவித்தனர். ஆற்றுநீரில் பெரும்பகுதி வயல்களுக்குப் பிரிந்துவிடுகிறது. எஞ்சியதே பூம்புகாரில் கடலைச் சேர்கிறது.

ஆனால், ஆரிகனின் அளவுகோலை அப்படியே இங்கு வைப்பதும் சரியன்று. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்றும் இந்த ஆற்றின் தலைமாட்டில் விளைகிறது. பழத்தோலிலும் காஃபீன் உண்டு. அறுவடைக் காலத்தில் பழங்களைத் தோல்நீக்கிக் கழுவும் நீர் ஓடையில் கலந்தால் அதுவும் கணக்கில் ஏறும். (அந்நீரின் பெருந்தீங்கு காஃபீன் அன்று, அதிலுள்ள சர்க்கரையும் புளிப்பும்தான். சர்க்கரை நொதிக்கும்போது ஓடையின் பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும்.) எனவே காவிரியில் காஃபீன் கிடைத்தது என்ற ஒரே செய்தியைக் கொண்டு தோட்டத்தையும் தண்டிக்க முடியாது, விடுவிக்கவும் முடியாது.

தோட்டங்களுக்கு மேலே, கீழே, சேலத்தைத் தாண்டியபின் என மூன்று இடங்களில் நீரெடுக்க வேண்டும். அறுவடை மாதங்களிலும் கோடையிலும் எடுக்க வேண்டும். காஃபீன் நம் உடலில் மாறும்போது மிகுதியாகப் பிறப்பது பாராஸாந்தீன் என்னும் பொருள். அதையும் உடன் அளந்தால், சேலத்தார் குடித்த காப்பியையும் மலையில் கழுவிய காப்பியையும் ஓரளவு பிரித்தறியலாம்.