ஜிகர்தண்டாவில் வாடகை யார் கொடுத்தது?

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். ஐடி கம்பெனியில் இரண்டு வருஷமாக இருக்கிறான். "மாமா, வேலையை விட்டுட்டு ஏ.டி.யா சேரலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்." எதை நம்பிடா இறங்குற என்றேன். "ஜிகர்தண்டா இன்னொரு தடவ பாருங்க, புரியும்" என்றான்.

பார்த்தேன். 2014இல் தியேட்டரில் பார்த்தபோது கண்ணில் நின்றது பாபி சிம்ஹா மட்டும்தான். இந்த முறை சித்தார்த்தை மட்டும் பின்தொடர்ந்தேன். சினிமாவில் வேலை தேடுகிறவனுக்கு இந்தப் படம் என்ன வழி சொல்கிறது?

ஒரு விஷயத்தில் படம் ரொம்ப நேர்மையாக இருக்கிறது. சித்தார்த்துக்கு வாய்ப்பு கிடைப்பது திறமையால் மட்டும் அல்ல. டிவி போட்டியில் இரண்டு நடுவர்கள் முட்டிக்கொள்கிறார்கள், அந்த வீம்பில் ஒருவர் படம் தருகிறேன் என்கிறார். அப்புறம் அவன் எடுக்க நினைத்தது ரவுடிக் கதை, எடுத்து முடிப்பது 'அழுகுணி குமார்' என்ற காமெடி. ஹீரோவும் அந்த ரவுடியே. படத்தில் மிரட்டி ரவுடியை ஹீரோவாக்க வைக்கிறார்கள், நிஜத்தில் கத்தி தேவைப்படாது என்பார்கள் உதவி இயக்குநர்கள்.

படம் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு: காசு. மதுரையில் ஊரணி வீட்டில் தங்கிக்கொண்டு சித்தார்த் ரவுடியை ஆராய்ச்சி செய்கிறான். நாட்கள் ஓடுகின்றன. சோற்றுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு வசனம்கூட இல்லை. ஊரணி சிரிக்க வைக்கிறார், மாட்டிக்கொண்டு முழிக்கிறார். ஆனால் கணக்கில் வரமாட்டார்.

இத்தனைக்கும் கார்த்திக் சுப்புராஜே சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' வழியாக வந்து 2012இல் பீட்சா எடுத்தார். அதே நிகழ்ச்சியிலிருந்து பாலாஜி மோகன், நலன் குமாரசாமி எல்லாம் வந்ததும், "குறும்படம் எடு" என்பதே எல்லோருடைய அறிவுரையாகிவிட்டது. முன்பெல்லாம் "யார்கிட்டயாவது சேரு" என்பார்கள். பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், அவரிடமிருந்து பாண்டியராஜன், பார்த்திபன் என்று வந்த வழி அது. வெற்றிமாறன் பாலுமகேந்திராவிடம் சேர்ந்தது லயோலாவில் படிக்கும்போது, முதல் படம் பொல்லாதவன் வந்தது 2007இல். நடுவில் இருக்கும் வருஷங்களை பேட்டிகளில் இரண்டு வரியில் கடந்துவிடலாம். வாழும்போது மாசாமாசம் ஒண்ணாம் தேதி வரும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். சர்வர் விழுந்தால்தான் லாகைத் திறந்து பார்ப்போம். சினிமா அறிவுரையில் தலைகீழ், விழாத சர்வரின் லாகை மட்டும் படிக்கிறோம்.

விழுந்த ஒன்றை எனக்குத் தெரியும். பி.இ. முடித்து சென்னை வந்தபோது என் வகுப்பு நண்பனும் கூட வந்தான். சாலிகிராமத்தில் ஒரே அறை. அவன் உதவி இயக்குநர். ஷூட்டிங் இருந்தால் பேட்டா, டிஸ்கஷன் என்றால் டீ மட்டும். நாலு வருஷம் வாடகை நான்தான் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்போது அது பெரிசாகத் தெரியவும் இல்லை. ஐந்தாம் வருஷம் எனக்குக் கல்யாணம், அறையைக் காலி செய்தேன். ஆறு மாதத்தில் அவன் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்குத் திறமை பத்தவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரணி வீட்டுக் காட்சியை இந்த முறை பார்த்தபோது அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மருமகனிடம் போகாதே என்று சொல்லவில்லை. மூணு வருஷத்துக்கு வாடகை, சாப்பாடு, பஸ், போன், எல்லாம் ஒரு எக்செல்லில் போட்டு அனுப்பு, அப்புறம் அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன்.

நேற்று அனுப்பியிருக்கிறான். வாடகை சரியாகத்தான் போட்டிருக்கிறான். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எண்பது ரூபாய்.