அஞ்சற்பெட்டி என்னும் உருவகம்: செயலிகளுக்கிடையிலான செய்திப் பரிமாற்றத்தில் பெயரும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே சில்லில் அமைந்த செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படும் வன்பொருள் உறுப்பு, ஆங்கில வழக்கைத் தழுவி மெயில்பாக்ஸ் என்றும் தமிழில் அஞ்சற்பெட்டி என்றும் சுட்டப்படுகிறது. இப்பெயர் அவ்வுறுப்பின் தொழிலை எந்த அளவிற்கு உணர்த்துகிறது என்பதை, தொல்காப்பிய உவமவியல் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நால்வகைப் பாகுபாட்டைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. வடிவில் பொருந்தும் இப்பெயர் வினையிலும் பயனிலும் பல இடங்களில் பொருந்தவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: உட்பொதி அமைப்பு, அஞ்சற்பெட்டி, பகிர்வு நினைவகம், குறுக்கீடு, உருவகம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.எம்.335எக்ஸ் சில்லு, பீகிள்போன் பிளாக் பலகையின் வழியாக மாணவர் பலரும் அறிந்த ஒன்று. அதில் கார்டெக்ஸ்-ஏ8 முதன்மைச் செயலியாகவும், கார்டெக்ஸ்-எம்3 மின்சேமிப்பைக் கவனிக்கும் துணைச் செயலியாகவும் உள்ளன. அச்சில்லில் 8 அஞ்சற்பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் 32 பிட் அளவுள்ள 4 செய்திகளை வரிசையில் வைத்திருக்கவல்லது.

முதன்மைச் செயலி உறக்கநிலைக்குச் செல்ல விரும்பும்போது நிகழ்வது வியப்பிற்குரியது. அது தன் கட்டளையைப் பெட்டியில் இடுவதில்லை. கட்டளை வேறோரிடத்தில் உள்ள பதிவகங்களில் எழுதப்படுகிறது. பெட்டியில் இடப்படுவது பொருளற்ற ஒரு சொல். அது விழுந்ததும் துணைச் செயலிக்குக் குறுக்கீடு எழுகிறது. ஆனால் பெட்டியின் பதிவகங்களை அணுகும் வழி அத்துணைச் செயலிக்கு இல்லை. ஆகவே இட்ட செயலியே அச்சொல்லை எடுத்துப் பெட்டியைக் காலி செய்கிறது. லினக்ஸ் கெர்னலின் இயக்கி நிரல் இதற்கெனத் தனி ஏற்பாட்டையே கொண்டுள்ளது.

எழுதாத மடலை இட்டு, பெறுநர் திறக்க இயலாத பெட்டியிலிருந்து அனுப்புநரே அதனைத் திரும்ப எடுக்கும் இவ்வுறுப்பை அஞ்சற்பெட்டி என அழைப்பது தகுமா? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

மதிப்பீட்டு அளவுகோல்

ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடும்போது ஒப்புமை எதில் அமைகிறது என்பதைத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கிறது. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். உருவகம் உவமையின் செறிந்த வடிவமாதலால் இப்பகுப்பு அதற்கும் பொருந்தும். வன்பொருள் உறுப்பிற்கு நிறம் பற்றிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. எஞ்சிய மூன்றே இங்குக் கருதத்தக்கவை.

மெய்யளவில் பெயர் பொருந்துகிறது. இருவருக்குப் பொதுவான இடத்தில், ஒருவர் இட மற்றொருவர் எடுக்கும் வகையில் அமைந்த சிறு கொள்கலம் என்னும் தோற்றம் உண்மையே. இப்பொருத்தமே பெயரை நிலைபெறச் செய்தது எனலாம். சிக்கல் வினையிலும் பயனிலும் தொடங்குகிறது.

வினை ஒப்புமை: பெட்டி நிறைந்தால் நிகழ்வது

அஞ்சற்பெட்டியின் வினை, இட்டதை இழக்காமல் காத்தல். சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகியவை கூட்டாக உருவாக்கிய செல் செயலி 2006ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 3இல் வெளிவந்தது. அதன் ஒவ்வொரு துணைச் செயலிக்கும் 4 இடங்கள் கொண்ட உள்வரும் அஞ்சற்பெட்டி ஒன்று இருந்தது. பெட்டி நிறைந்திருப்பதைப் பாராமல் முதன்மைச் செயலி ஐந்தாவது செய்தியை எழுதினால், இறுதியாக இருந்த செய்தியின்மேல் அது எழுதப்பட்டுவிடும். முன்னது அழியும்.

2021இல் வெளிவந்த ஆர்.பி.2040 சில்லின் இரு கருக்களுக்கிடையே, திசைக்கு ஒன்றாக, 8 இடங்கள் கொண்ட வரிசைகள் உள்ளன. இவற்றின் பெயர் வேறாயினும் தொழில் இதுவே. நிறைந்த வரிசையில் எழுதினால் புதிய செய்தி புறக்கணிக்கப்படும். பிழை நேர்ந்ததைக் காட்டும் குறி ஒன்று பதிவாகி, நிரல் அதனை நீக்கும்வரை நிற்கும்.

ஒன்றில் பழையது அழிகிறது. மற்றொன்றில் புதியது மறுக்கப்படுகிறது. வெறுமையான பெட்டியைப் படிக்கும் முறையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. செல்லின் துணைச் செயலி செய்தி வரும்வரை அசைவற்று நிற்கும். ஆர்.பி.2040இல் அப்படிப்பு புறக்கணிக்கப்பட்டு அதற்கும் ஒரு குறி பதிவாகும். அஞ்சற்பெட்டி என்னும் சொல்லிலிருந்து இவற்றுள் எதனையும் உய்த்துணர இயலாது. அச்சொல் மனத்தில் எழுப்பும் காட்சியில் பெட்டி நிறைதல் என்பதே இடம்பெறுவதில்லை.

பயன் ஒப்புமை: மடல் எங்கே உள்ளது

அஞ்சற்பெட்டியின் பயன், செய்தியைப் பெறுநரிடம் சேர்த்தல். முதல் ராஸ்பெரி பையில் 2012இல் இடம்பெற்ற பி.சி.எம்.2835 சில்லை இங்கு நோக்கலாம். அதில் ஆர்ம் செயலி, வீடியோகோர் எனப்படும் வரைகலைச் செயலியிடம் திரைநினைவகம் கேட்பதும் கடிகார வேகம் வினவுவதும் அஞ்சற்பெட்டியின் வழியாகவே. பெட்டியில் இடப்படும் 32 பிட்டுகளுள் கீழ் 4 பிட்டுகள் தடத்தின் எண்ணைக் குறிக்கும். எஞ்சிய 28 பிட்டுகளில் இருப்பது பகிர்வு நினைவகத்தில் கோரிக்கை எழுதப்பட்ட இடத்தின் முகவரி. முகவரியின் கீழ் 4 பிட்டுகளைத் தடத்திற்கு விட்டுக்கொடுப்பதால் கோரிக்கை 16 பைட்டு எல்லையில் தொடங்கவேண்டும். விடையும் அதே இடத்தில், கோரிக்கையின்மேலேயே எழுதப்படுகிறது.

எனவே பெட்டியின் வழிச் செல்வது மடலன்று. மடல் கிடக்கும் இடத்தைச் சொல்லும் சீட்டு. இவ்வேறுபாட்டிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. முதலாவது ஒழுங்கு: கோரிக்கை முழுமையாக நினைவகத்தைச் சேர்ந்த பின்னரே சீட்டு செல்லவேண்டும், இதற்கு நினைவகத் தடுப்புக் கட்டளை தேவை. இரண்டாவது காட்சி: ஆர்ம் எழுதியது அதன் கேச் நினைவகத்திலேயே தங்கிவிட்டால் வீடியோகோர் காண்பது பழைய தரவு. ஆகவே அனுப்பும் முன் கேச்சை நினைவகத்தில் எழுதித் தீர்க்கவும், விடையைப் படிக்கும் முன் கேச்சில் உள்ள பழைய படியைச் செல்லாததாக்கவும் வேண்டும். மூன்றாவது உடைமை: விடை வரும்வரை அந்நினைவகப் பகுதி மற்றவருக்கு உரியது, அனுப்பியவர் அதனைத் தொடலாகாது.

அஞ்சற்பெட்டியில் மடலை இட்டவருக்கு இம்மூன்று கவலைகளும் இல்லை. இட்டவுடன் மடல் அவர் கையை விட்டு நீங்கிவிடுகிறது. இதனாலேயே உருவகம் வெறும் குறையுடையதாக நில்லாமல் தவறான நம்பிக்கையையும் ஊட்டுகிறது. மேற்கூறிய கடமைகளுள் ஒன்று தவறினாலும் நிரல் பலமுறை சரியாக இயங்கி எப்போதோ ஒருமுறை பிழைபடும். தேடிக் காண்பதற்கு மிக அரிய பிழை இவ்வகையதே.

'சேர்ந்தது' என்பதன் பொருள்

2014ஆம் ஆண்டின் லினக்ஸ் 3.18 பதிப்பில் அஞ்சற்பெட்டிகளுக்கான பொதுச் சட்டகம் சேர்க்கப்பட்டது. செய்தி அனுப்பி முடிந்தது என்பதை அறிய அது மூன்று வழிகளை ஏற்கிறது: வன்பொருள் குறுக்கீட்டால் அறிவித்தல்; பெட்டியின் நிலையை மீண்டும் மீண்டும் வினவி அறிதல்; மறுமுனையின் விடையைக் கொண்டு அனுப்பிய நிரலே உணர்தல். இட்டது, எடுக்கப்பட்டது, செயற்படுத்தப்பட்டது ஆகியவை தனித்தனி நிகழ்வுகள் என்பதை இம்மூன்று வழிகளும் ஒப்புக்கொள்கின்றன. மறுமுனையின் நிலைபொருள் பெரும்பாலும் தனியுரிமை சார்ந்தும் பொதுநெறிக்கு உட்படாமலும் இருக்கக்கூடும் என்பதால், எழுதப்படும் நிரல்கள் அந்தந்தச் சில்லிற்கே உரியனவாக அமையக்கூடும் எனச் சட்டகத்தின் ஆவணம் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. பொதுப்பெயர் தரும் ஒருமை பொருளளவில் இல்லை என்பதற்கு இது தக்க சான்று.

எதிர்வாதம்

எல்லா உருவகமும் ஒருபுடை ஒப்புமையே. முழு ஒப்புமை வேண்டுவது முறையன்று எனலாம். இது ஏற்கத்தக்கது. செய்தி 32 பிட்டிற்குள் அடங்கும் எண்ணாக இருக்கும்போது பெட்டி உண்மையிலேயே மடலைச் சுமக்கிறது. அங்குப் பெயர் குறைபடுவதில்லை. ஆயினும் இலக்கிய உருவகத்தில் ஒவ்வாத கூற்றை வாசகர் தாமே விலக்கிக்கொள்வர். தொழில்நுட்பப் பெயரில் அவ்வாறு விலக்கப் பொருளை முன்னரே அறிந்திருக்கவேண்டும். பெயரின் வழியாகவே பொருளைக் கற்கும் மாணவருக்கு அது இயலாது. ஒவ்வாத கூறு எதுவோ அதுவே பிழை தோன்றும் இடமாகவும் இருப்பின், அப்பெயர் மறுஆய்விற்கு உரியது.

தொழில்நுட்ப உலகும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. ஆர்.பி.2040ஐ அடுத்து 2024இல் வந்த ஆர்.பி.2350 சில்லில் வரிசையின் இடங்கள் 8இலிருந்து 4ஆகக் குறைக்கப்பட்டன. டோர்பெல் எனப்படும் அழைப்புமணி உறுப்புகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. செய்தியைச் சுமத்தலும் கவனத்தை ஈர்த்தலும் வெவ்வேறு வினைகள் என்பது வன்பொருள் அமைப்பிலேயே இங்கு வெளிப்பட்டுள்ளது.

முடிவுரை

தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல்லின் படிமத்தை மட்டும் பெயர்த்தால் அதன் வழுவும் உடன் பெயர்ந்துவிடுகிறது. உறுப்பின் வினையை நோக்கிப் பெயரிடுதலே தகும். செய்தியைத் தானே சுமப்பதை அஞ்சற்பெட்டி எனலாம். அறிவிப்பு மட்டும் தருவதை அழைப்புமணி எனலாம். முகவரியைச் சுமப்பதைச் சீட்டுப்பெட்டி என வேறுபடுத்தலாம். முன்னுரையில் கண்ட ஏ.எம்.335எக்ஸ் ஏற்பாடு இவற்றுள் இரண்டாம் வகையது. பாடநூல்களும் கலைச்சொல் தொகுதிகளும் பெயருடன் நிறுத்தாமல், நிறைந்தால் என்ன நிகழும், மடல் எங்கே உள்ளது, சேர்ந்தது என்பதன் பொருள் யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தருதல் வேண்டும். அவ்விடைகளோடு கூடிய பெயரே கற்போருக்கு விளக்கமாக அமையும்.