ஆச்சியை எப்படி வியக்கிறோம்?

சிங்கப்பூரின் பொங்கோல் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் தீபாவளியை ஒட்டி நாலு குடும்பங்கள் கூடினால் பழைய படப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். ஆச்சி மனோரமா என்ற பெயர் வந்ததும் எல்லா முகமும் மலரும். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர் என்பார் ஒருவர். பொம்பளை சிவாஜி என்பார் இன்னொருவர். அண்ணா, கலைஞர் என்று மேடையில் இருவர், எம்ஜிஆர், ஜெயலலிதா, என்.டி.ராமராவ் என்று திரையில் மூவர், ஆக ஐந்து முதலமைச்சர்களோடு நடித்த ஒரே நடிகை என்று மூன்றாமவர் முடிப்பார். சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், எந்தக் காட்சியில் எதை மாற்றினார் என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2015 அக்டோபர் 10 அன்று அவர் மறைந்ததும் தமிழ் உலகம் முழுக்க எழுதிய அஞ்சலிகளையும் இதே மூன்று செய்திகள்தான் நிரப்பின. நம் வியப்பில் அன்பு நிறைய இருக்கிறது, கவனம் குறைவாக இருக்கிறது. அந்தக் குறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எண்ணிக்கை. மனோரமாவின் முதல் படம் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'. ஆண்டு 1958. ஆயிரம் படங்களைக் கடந்ததற்காகக் கின்னஸ் பதிவில் அவர் பெயர் ஏறியது 1985இல். நடுவில் 27 ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 37 படங்கள், பத்து நாளைக்கு ஒன்று. இந்தக் கணக்கைக் கேட்டதும் கைதட்டத் தோன்றுகிறது. எனக்கு அதைவிட அதிகமாகத் தோன்றுவது பதைப்பு. பத்து நாளைக்கு ஒரு பெண்ணாக மாறிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு எந்தப் பெண்ணைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்திருக்கும்? காலையில் ஒரு ஸ்டூடியோ, மாலையில் இன்னொன்று, வசனத்தைப் படப்பிடிப்பில்தான் கையில் தருவார்கள். அப்படியொரு தொழிலில் ஒருவர் தரம் தாழாமல் நிற்க வேண்டுமென்றால் தயாரிப்பு முழுவதும் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். மனோரமாவுக்கு அது மேடையில் முடிந்திருந்தது.

மன்னார்குடியில் 1937இல் கோபிசாந்தாவாகப் பிறந்தவர். தந்தை கைவிட்ட பின், தாய் வீட்டு வேலை செய்து காப்பாற்ற, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதுவாக்கில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில், கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்தார். அந்தக் கால மேடை நடிகைக்குத் தேவைப்பட்டவை எவை என்று பாருங்கள். ஆர்மோனியக்காரர் பிடிக்கும் சுருதியில் உடனே பாட வேண்டும். பக்கம் பக்கமாய் வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிரில் நிற்பவர் வசனத்தை மறந்தால் ரசிகருக்குத் தெரியாமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். சிரிப்பு எழுந்தால் அது அடங்கும்வரை காத்திருந்து, முழுதாய் அடங்குவதற்குச் சற்று முன்பே அடுத்த சொல்லைப் போட வேண்டும். இந்தக் கடைசித் திறமைதான் மனோரமாவின் நகைச்சுவைக்கு உயிர். திரையில் எதிரில் ரசிகர் கிடையாது. இருந்தும் அவர் வசனங்களுக்கு நடுவே விடும் இடைவெளி, அரங்கில் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் விடும் இடைவெளி.

மேடை தந்த இன்னொன்று காது. சிங்கப்பூரில் இருந்து பார்க்கும்போது இதன் மதிப்பு எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது. 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) நாகேஷோடு தூத்துக்குடித் தமிழ். மறு ஆண்டே 'பொம்மலாட்ட'த்தில் சோவோடு சென்னைத் தமிழ், அதுவும் சொந்தக் குரலில் பாடி. கால் நூற்றாண்டு கழித்து 'சின்ன கவுண்ட'ரில் கொங்குத் தமிழ். காவிரிப் படுகையில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இவை எதுவும் வீட்டு மொழி கிடையாது. எல்லாமே கேட்டுக் கேட்டுப் பிடித்தவை.

சிங்கப்பூருக்குத் தமிழர்கள் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. தஞ்சையிலிருந்து வந்தார்கள், தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்தார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். பாட்டன் கொண்டுவந்த வட்டார வழக்கு மூன்றாம் தலைமுறையில் தேய்ந்துபோனது. பள்ளியில் பிள்ளைகள் கற்பது தரப்படுத்தப்பட்ட பேச்சுத் தமிழ். 2005இல் வந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு அதற்கு அழுத்தம் கொடுத்தது, கொடுத்ததும் சரிதான். எழுத்துத் தமிழை ஒப்பித்துவிட்டு வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பேசத் தக்க ஒரு தமிழ். ஆனால் தமிழுக்கு இத்தனை குரல்கள் உண்டு என்பதை அந்தப் பிள்ளை எங்கே கேட்கும்? மனோரமாவின் படங்கள் அதற்கு ஒரு நல்ல வழி.

நல்ல வழி என்று சொன்ன கையோடு அதன் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் அந்தப் படங்களில் வட்டாரத் தமிழ் பேசுவது யார்? வேலைக்காரி, முத்துக்குளிப்பவன் விரும்பும் பெண், குப்பத்துக்காரி. கதாநாயகிக்கு வட்டாரம் கிடையாது. அவள் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் ஒரே சீரான தமிழில்தான் காதலிப்பாள். அறுபதுகளின் திரைப்படம் வட்டார வழக்கைச் சிரிப்புக்குரியதாக, தாழ்ந்த இடத்தில் இருப்பவரின் அடையாளமாக வைத்திருந்தது. மனோரமா அந்த வழக்கை அவ்வளவு துல்லியமாகப் பேசியதால் அந்த இழிவுக்கும் துல்லியம் கூடியது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் 'அனுபவி ராஜா அனுபவி'யைப் பார்த்துப் பெருமைப்படலாம், அதே நேரத்தில் தன் பேச்சு ஏன் எப்போதும் நகைச்சுவைப் பகுதியிலேயே இருக்கிறது என்று வருந்தவும் செய்யலாம். இரண்டுமே நியாயம். எழுதியவர்கள், இயக்கியவர்கள் பொறுப்பு பெரியது என்றாலும், நாம் நடிகையைப் போற்றும்போது இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது.

அவர் கலை முழுதாய் வெளிப்படும் இடத்தைக் காட்டச் சொன்னால் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன்: 'தில்லானா மோகனாம்பாள்' (1968), ஜில் ஜில் ரமாமணி. ஆனால் காரணம் வேறு. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். அதில் சிவாஜியும் பத்மினியும் இரு பெரும் கலைஞர்கள், ஒருவரையொருவர் வெல்லத் துடிப்பவர்கள். நாதசுரத்தைக் கேட்டு மகிழ மட்டுமே வருகிறவள் ரமாமணி. நாடகக்காரி, ஊர் ஊராய்ப் போகிறவள், இசை இலக்கணம் தெரியாதவள். இப்படிச் சத்தம் வருவது உங்கள் நாயனத்தில் மட்டுமா, எல்லா நாயனத்திலுமா என்று அவள் கேட்கும் கேள்வியை இன்றும் மேடைகளில் நகைச்சுவையாக நடித்துக்காட்டுகிறார்கள். அப்படி நடித்துக்காட்டுபவர்கள் அவளை அசடாக்கிவிடுகிறார்கள். மனோரமா அசடாக்கவில்லை. கண்ணில் நீர் தேங்க, குரலில் உண்மையான ஐயத்தோடு கேட்கிறார். சிரிப்பதை நம்மிடம் விட்டுவிட்டு, அவர் வியப்பில் நிற்கிறார். அந்த வியப்பினால்தான் சிவாஜியின் பாத்திரமான சண்முகசுந்தரத்தின் வாசிப்பு பெரிது என்று நமக்குத் தெரிகிறது. சிவாஜி வாசிப்பதாக நடிக்க, மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் உண்மையில் வாசித்த அந்த இசையை, இசை தெரியாத பெரும்பான்மை ரசிகருக்குக் கொண்டுசேர்த்தவர் மனோரமா. கேட்பதை நடிப்பாக்குவது எளிதில்லை. அதுவும் சிவாஜி போன்ற ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கையில், பக்கவாட்டில் ஒரு அசைவும் வீணாக்காமல்!

பொம்பளை சிவாஜி என்ற பட்டம் எனக்கு ஒவ்வாமல் போவது இந்தக் காட்சியால்தான். ஒப்புமைக்கு அடிப்படை உண்டு. இருவருமே சிறு வயதில் நாடகக் கம்பெனிகளில் உருவானவர்கள், இருவருக்கும் வசனம் மூச்சு. ஆனால் சிவாஜியின் நடிப்பு எழுந்து நின்று இடத்தை நிரப்புவது. மனோரமாவின் சிறந்த நடிப்பு எதிரில் இருப்பவருக்கு இடம் தருவது. நாகேஷோடு ஒருவிதமாக, சோவோடு வேறுவிதமாக, பின்னாளில் கமல்ஹாசனோடு மற்றொருவிதமாகத் தாளத்தை மாற்றிக்கொண்டவர் அவர். 'சம்சாரம் அது மின்சார'த்தில் (1986) வேலைக்காரி கண்ணம்மாவாக நடிகர் கிஷ்முவோடு மோதும் நீண்ட காட்சியில் அவர் வாய்தான் நம் நினைவில் நிற்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது கிஷ்மு பேசுகையில் மனோரமாவைப் பாருங்கள். அந்தக் காட்சியின் பாதி அங்கே இருக்கிறது. மேடையிலிருந்து வந்த விசு எழுதிய வசனத்தை மேடையறிந்த ஒருவர் சுமந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

அந்தப் பட்டம் இன்னொரு அநீதியையும் மூடுகிறது. சிவாஜிக்கென்று கதைகள் எழுதப்பட்டன. மனோரமாவுக்கு? 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியாக நடித்ததை எல்லோரும் குறிப்பிடுவார்கள், குறிப்பிட வேறு அதிகம் இல்லை என்பதால். சௌகார் ஜானகியை நினைத்துக்கொள்கிறேன். கே.பாலசந்தர் 'இரு கோடுகள்' (1969) படத்தில் அவரை மாவட்ட ஆட்சியராக்கினார். 'காவியத் தலைவி'யை (1970) ஜானகி தானே தயாரித்தார். நடுத்தர வயதை நெருங்கும் ஒரு நடிகைக்காகக் கதை எழுதினால் அவர் எவ்வளவு தூரம் போவார் என்று அந்தப் படங்கள் காட்டின. அதே காலத்தில் மனோரமாவுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஆண் நகைச்சுவையாளரின் இணை வேடங்கள்.

பின்னாளின் தாய் வேடங்களுக்கு வருவோம். ரசிகர்கள் இங்கே என்னோடு கோபித்துக்கொள்ளக்கூடும். தொண்ணூறுகளில் அவர் அழுத அழுகைகளில் பல எனக்குத் தாங்க முடியாதவை. மார்பில் அடித்துக்கொண்டு, குரலை உச்சத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரிசைக்கு எறிவது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கு அந்த ஒலி வேண்டும். முகத்துக்கு ஓரடி தூரத்தில் நிற்கும் கேமராவுக்கு வேண்டாம். மேடை கொடுத்த பலம் அங்கே பாரமாகிறது. இயக்குநர்கள் அதைத் தடுக்கவில்லை, கேட்டு வாங்கினார்கள். ஆச்சி அழுதால் படம் ஓடும் என்ற கணக்கு. நாமும் கூட அழுதுவிட்டு, இதுதான் தாய்மை என்று பாராட்டினோம். அந்தப் பாராட்டு அவரை அதே கண்ணீருக்குள் அடைத்துவைத்தது. 'புதிய பாதை'க்காக (1989) தேசிய விருது வந்தபோது அவர் திரைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. நகைச்சுவையில் அவர் செய்து முடித்த பெரும் பணிகளுக்கு அப்படி ஒரு விருது வரவேயில்லை. சிரிக்க வைப்பதை நாம் கலையாக எண்ணுவதில்லை, அழவைப்பதை உடனே எண்ணிவிடுகிறோம்.

'நடிகன்' (1990) படத்தை இந்தக் கோணத்தில் மறுபடி பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். சத்யராஜ் கிழவர் வேடமிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைய, அந்த வீட்டின் மணமாகாத மூத்த பெண்மணி அவர்மேல் காதல்கொள்கிறாள். படம் அவளைக் கேலி செய்யத்தான் எழுதப்பட்டது. ஐம்பது கடந்த பெண் பூ வைத்துக்கொள்வதே அங்கே நகைச்சுவை. மனோரமா கேலிக்குத் தேவையான எல்லாவற்றையும் கொடுக்கிறார், எதையும் மறுக்கவில்லை. ஆனால் வெட்கப்படும் இடங்களில் உண்மையாகவே வெட்கப்படுகிறார். இத்தனை ஆண்டுகள் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒருத்தியின் கூச்சம் அதில் இருக்கிறது. எழுத்தில் இல்லாத மரியாதையை அந்தப் பாத்திரத்துக்கு நடிகை தன் கையால் கொடுத்த இடம் அது. பத்மஸ்ரீ (2002) பற்றிப் பேசுபவர்கள் இதைப் பேசலாமே என்று இருக்கிறது.

நம் ஊருக்கு இதில் வேலை இருக்கிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது பட்டிமன்றமும் கவியரங்கமும் நடக்கின்றன, நடக்கட்டும். அதோடு பொங்கோல் வட்டார நூலகத்திலோ தேக்காவின் இந்திய மரபுடைமை நிலையத்திலோ ஒரு மாலை ஒரே ஒரு காட்சியை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மனோரமா கேட்கும் விதத்தைப் பற்றிப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பேசினால் போதும். கைத்தொலைபேசியில் அரை நிமிடத் துண்டுகளாக அவரைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் அவர்கள். முழுக் காட்சியைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. சென்னை நடிகைக்கு மலரும் நம் முகம், இங்கேயே மேடையேறிய பெண்களின் பெயரைக் கேட்டால் விழிக்கிறது. பெண் வேடத்தையும் ஆண்களே போட்ட காலத்துக்குப் பின், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் சமூக மன்றங்களில் ஒத்திகை பார்த்த பெண்கள் பலர் இன்று பாட்டி வயதில் நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குகளிலேயே வாழ்கிறார்கள். தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களின் ஏடுகளையும் படங்களையும் தொகுத்து வைத்தது பெரும் பணி. ஏடும் படமும் கிடைத்துவிட்டன. ஒரு வசனத்தை எந்த மூச்சில் சொன்னார்கள், எதிர் நடிகர் மறந்தபோது எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அந்தப் பெண்கள்தான் சொல்ல முடியும். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது இந்த ஆண்டே. எத்தனை நாடகம் நடித்தீர்கள் என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொண்டு, அந்த ஒரு காட்சியை இப்போது நடித்துக் காட்டுங்கள் அக்கா என்று கேட்கலாம்.