கல்யாணம் என்னும் விடுதலைத் தீர்ப்பு: 'தி வர்ஜீனியன்' நாவலை இரண்டாம் முறை வாசித்தபோது

கௌபாய் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது லயன் காமிக்ஸ்தான். டெக்ஸ் வில்லர் குதிரையில் வருவார், ரெண்டு பக்கத்துக்குள் நாலு பேர் சுருண்டு விழுவார்கள். காதலுக்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. அதனால், கௌபாய் நாவல்களுக்கெல்லாம் மூத்தது என்று சொல்லப்படும் ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' (1902) நாவலைக் கையில் எடுத்தபோது கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். துப்பாக்கி வெடிப்பது அபூர்வம். புத்தகத்தின் பெரும்பகுதி, ஒரு பண்ணையாள் ஒரு பள்ளி ஆசிரியையைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கப் பாடுபடுவதுதான்.

முதல் வாசிப்பில் அந்தக் காதலை ரசித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு வயோமிங்கின் மாட்டுப்பண்ணை வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டுத் திரும்பி வந்தால், அதே காதல் வேறு மாதிரித் தெரிந்தது. அந்தக் காதலுக்கு நாவலில் ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் கதை. 1880களின் வயோமிங். நாயகனுக்குப் பெயர் கிடையாது, வர்ஜீனியாக்காரன் என்பதுதான் அடையாளம். ஜட்ஜ் ஹென்றி என்ற பெரும்பண்ணைக்காரரிடம் வேலை பார்க்கிறான், மேஸ்திரியாக உயர்கிறான். கிழக்கே வெர்மான்ட்டிலிருந்து மாலி வுட் என்ற பெண் பள்ளிக்கூடம் நடத்த வருகிறாள். நல்ல பரம்பரை, கையில் காசில்லை, பிடிவாதம் ஜாஸ்தி. இவன் அவளிடம் ஷேக்ஸ்பியர் வாங்கிப் படிக்கிறான். அவள் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டும் நேரத்தில், காயம்பட்டுக் கிடக்கும் இவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறாள். நிச்சயமாகிறது. அதற்குப் பிறகுதான் சிக்கல். மாடு திருடியவர்களைப் பிடித்துத் தூக்கில் தொங்கவிடும் கும்பலுக்கு இவன் தலைமை தாங்குகிறான். தொங்கவிடப்பட்ட இருவரில் ஒருவன் இவனுடைய பழைய உயிர் நண்பன் ஸ்டீவ். கடைசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள், டிரம்பாஸ் என்ற எதிரியோடு துப்பாக்கிச் சண்டை. போனால் நம் உறவு முடிந்தது என்கிறாள் மாலி. அவன் போகிறான், கொல்கிறான், திரும்பி வருகிறான். அவள் ஏற்றுக்கொள்கிறாள்.

முன்னுரையிலேயே விஸ்டர் இதை ஒரு சரித்திர நாவல் என்கிறார். 1874 முதல் 1890 வரையிலான வயோமிங்கைத்தான் காட்டுவதாகச் சொல்கிறார். சரி, அந்தச் சரித்திரத்தையே பார்த்துவிடுவோம்.

வயோமிங்கில் அன்று மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி அரசு நிலம். பெரும்பண்ணைக்காரர்கள் அதில் ஆயிரக்கணக்கில் மாடுகளை விட்டு மேய்த்தார்கள். 160 ஏக்கர் பதிவு செய்துகொண்டு குடியேற வந்த சிறு விவசாயிகள் அவர்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி. 1884இல் பெரியவர்களின் சங்கத்துக்குச் சாதகமாக ஒரு சட்டம் வந்தது. சூடு போடாத, தாய் தெரியாத கன்றுகள் சங்கத்தைச் சேரும். கூலிக்கு வேலை பார்க்கும் கௌபாய் சொந்தமாக நாலு மாடு வைத்திருந்தால் அவனை எந்தப் பண்ணையிலும் சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஆக, 'மாட்டுத் திருடன்' என்ற சொல் நிஜத் திருடனையும் குறித்தது, சொந்தக்காலில் நிற்கப் பார்த்த கூலியாளையும் குறித்தது. சொல்லை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. 1886 இளவேனிலில் கௌபாய்கள் கூலிக்காக வேலைநிறுத்தமே செய்தார்கள். அடுத்து வந்த கொடும் பனிக்காலம் மந்தைகளைக் கொன்று குவித்தது. நஷ்டப்பட்ட பெரியவர்களின் கோபம் சிறியவர்கள் மேல் திரும்பியது.

1889 ஜூலை 20. ஸ்வீட்வாட்டர் ஆற்றோரம் எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் அவெரெல் என்பவரையும் ஆறு பண்ணைக்காரர்கள் பிடித்துப்போய் மரத்தில் தொங்கவிட்டார்கள். எல்லா தன் பெயரில் நிலம் பதிவு செய்து, கொஞ்சம் மாடு வைத்திருந்தவள். அவர்கள் இருவரின் நிலமும் ஆல்பர்ட் போத்வெல் என்ற பெரும்பண்ணைக்காரரின் மேய்ச்சலுக்கு நடுவில் இருந்தது. ஷயான் நகரப் பத்திரிகைகள் அவளுக்கு 'கேட்டில் கேட்' என்று பட்டப்பெயர் வைத்து, விபசாரி, மாட்டுத் திருடி என்று எழுதின. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

1892 ஏப்ரலில் சுமார் ஐம்பது பேர், அதில் இருபதுக்கும் மேல் டெக்ஸஸிலிருந்து கூலிக்கு வந்த துப்பாக்கிக்காரர்கள், தனி ரயில் பிடித்து ஜான்சன் கவுண்டியை நோக்கிப் போனார்கள். கையில் கொல்ல வேண்டியவர்களின் பட்டியல். கேசி பண்ணையில் நிக் ரே, நேட் சாம்பியன் என்ற இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். முற்றுகையில் மாட்டிக்கொண்ட சாம்பியன், வீட்டுக்குத் தீ வைக்கப்படும்வரை நடப்பதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஊர் மக்கள் திரண்டு வந்து கொலைகாரர்களை வளைத்துக்கொண்டதும், ராணுவம் வந்து மீட்டது, கொலைகாரர்களை! அடுத்த வருஷம் வழக்கு கைவிடப்பட்டது. இங்கேயும் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

அந்தப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஃபிராங்க் வுல்காட். 1885இல் உடம்பு சரியில்லாமல் ஓய்வெடுக்க முதன்முதலாக வயோமிங் வந்த இளைஞர் ஓவன் விஸ்டர் தங்கியது இதே வுல்காட்டின் பண்ணையில்தான்.

விருந்து சாப்பிட்ட வீட்டுக்கு விசுவாசம், அவ்வளவுதான் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் விஸ்டர் சாமர்த்தியசாலி. பண்ணைக்காரர்களின் கட்சியை வெறும் வாதமாக வைத்தால் வாசகர் தலையசைக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாசகரின் மனசாட்சியை எடுத்து ஒரு பெண்ணுக்குள் வைக்கிறார். மாலிதான் நாம். வெளியூர்க்காரி, படித்தவள், கொலையைக் கொலை என்று சொல்லத் தெரிந்தவள். தூக்கில் போட்ட செய்தி அவளுக்கு எப்படித் தெரிகிறது தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிறு கட்டித் தூக்கு விளையாட்டு விளையாடும்போது. நாவலிலேயே வயிற்றைக் கலக்கும் இடம் அது. அந்த ஒரு நிமிஷம் புத்தகம் உண்மையைத் தொட்டுவிடுகிறது.

உடனே சமாதானம் சொல்ல ஜட்ஜ் ஹென்றி வருகிறார். அவர் சும்மா பண்ணை முதலாளி மட்டுமில்லை, முன்னாள் ஃபெடரல் நீதிபதி. தெற்கே கறுப்பின மக்களைக் கூட்டம் கூடி எரிப்பது காட்டுமிராண்டித்தனம், வயோமிங்கில் திருடர்களைச் சத்தமில்லாமல் தூக்கில் போடுவது நாகரிகத்துக்கான வழி என்கிறார். இங்கே ஜூரிகள் திருடர்களைத் தண்டிப்பதில்லை, ஆகவே சட்டத்தை உண்டாக்கிய மக்களே அதைத் திரும்பக் கையில் எடுக்கிறார்கள் என்பது வாதம். மாலி சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டிலும் சட்டத்தைக் கையில் எடுப்பதுதானே நடக்கிறது என்று மடக்குகிறாள். ஆனால் கடைசிப் பேச்சு ஜட்ஜுக்குத்தான்.

தீர்ப்பு அந்த அறையில் முழுசாக முடிவதில்லை. அது கல்யாணத்தில் முடிகிறது. முதலில் நீதிபதி நியாயம் சொல்கிறார். பிறகு சண்டைக்கு முன் பாதிரியார் தடுத்துப் பார்க்கிறார், அவன் போனதும் ஆசீர்வதிக்கிறார். கடைசியாக, முடியாது என்று சொன்ன பெண்ணும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். சட்டம், மதம், காதல் என்று மூன்று கையெழுத்து. நிஜ வயோமிங்கில் எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்காத வழக்குக்கு விஸ்டர் காதலியின் வாயால் விடுதலைத் தீர்ப்பு வாங்கிக்கொடுக்கிறார். 'அவளே மன்னித்துவிட்டாள், உனக்கென்ன?' என்று புத்தகம் வாசகரைக் கேட்கிறது. நாமும் அந்தத் தம்பதி மலைத் தீவில் கூடாரம் போடும் அழகைப் பார்த்துக்கொண்டே ஸ்டீவை மறந்துவிடுகிறோம். நான் மறந்துவிட்டேன். முதல் வாசிப்பில் எனக்கு நடந்தது இதுதான்.

இந்த ஏற்பாடு நிற்க வேண்டுமானால் சிலதை வெளியே தள்ள வேண்டும். வயோமிங்கில் பெண்களுக்கு 1869இலேயே ஓட்டுரிமை உண்டு. மாலி ஓட்டுப் போடக்கூடிய பெண். யார் ஷெரிஃப், யார் நீதிபதி என்பதில் அவளுக்கும் ஒரு குரல் இருந்த ஊர் அது. கதையில் அந்த ஓட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் 'உன்னைக் கட்டிக்க மாட்டேன்' என்பது, அதையும் கடைசியில் பிடுங்கிக்கொள்கிறார்கள். எல்லா வாட்சனுக்கோ இடமே இல்லை. திருடர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்ணைத் தூக்கிலிட்ட கூட்டத்துக்கு மாலியால் மாலை போட முடியுமா? விஸ்டருக்கே தெரிந்திருக்கும், முடியாது.

கூலி வேலைநிறுத்தம்கூட உருமாறி வருகிறது. தங்கம் கிடைக்கும் என்று டிரம்பாஸ் பேச்சைக் கேட்டு ஓடப் பார்க்கும் பண்ணையாட்களை வர்ஜீனியன் ஒரு தவளைப் பண்ணைக் கதையை அளந்துவிட்டுத் தடுக்கிறான். கலிஃபோர்னியாவில் தவளை வளர்த்து நியூயார்க் ஹோட்டல்களுக்கு அனுப்பிக் கொழித்தார்களாம்! டிரம்பாஸ் அப்படியே நம்பிவிடுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், கலகம் அடங்குகிறது. சத்தியமாக, நாவலின் மிகச் சிறந்த நகைச்சுவை அதுதான். முதலாளிக்கு ஆள் குறையாமல் காப்பாற்றும் நகைச்சுவை என்பதும் நிஜம்.

அதற்காக இதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஸ்டீவ் சாகும் அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். மற்ற எல்லாரிடமும் சகஜமாகப் பேசிவிட்டு இவனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் போகிறான். பேசியிருந்தால் உடைந்து அழுதிருப்பேன் என்று பத்திரிகை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான், அது பிறகுதான் இவன் கண்ணில் படுகிறது. கதைசொல்லியோ தூக்கை நேரில் பார்க்கக்கூடப் போவதில்லை, பின்தங்கிவிடுகிறான். ஜட்ஜின் வாதம் ஜெயித்த பிறகும் வர்ஜீனியனுக்குத் தூக்கம் வராது. எழுத்தாளரின் கட்சி ஒன்று சொல்ல, அவருடைய கை வேறொன்றை எழுதிவிடுகிறது. மாலியிடம் வாங்கிய தீர்ப்பு போலி என்பதற்கு இந்தப் புத்தகத்திலேயே இருக்கும் சாட்சி ஸ்டீவ்தான்.

விஸ்டருக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. அதே 1902இல் ஃபிரான்சஸ் மெக்எல்ராத் என்ற பெண் 'தி ரஸ்லர்' என்ற நாவலை எழுதினார். அதே வயோமிங், அதே சண்டை, அதுவும் காதல் கதைதான். கிழக்கத்திப் பெண் ஒருத்தி ஒரு கௌபாயின் மனதோடு விளையாட, அவன் உடைந்துபோய் மாட்டுத் திருடர்களின் தலைவனாகிறான். அங்கே காதல் குற்றத்தைக் கழுவிவிடும் தண்ணீராக வருவதில்லை. குற்றத்தில் மேல்தட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று காட்ட வருகிறது. அந்தப் புத்தகம் மறக்கப்பட்டது. விஸ்டரின் புத்தகம் அந்த வருஷத்தின் பெரிய விற்பனை. நாடகமாகி, 1929இல் கேரி கூப்பர் நடித்த படமாகி, பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது.

பிறகு வந்த மாட்டுப்பண்ணைக் காதல் கதைகளில் இந்தச் சாயலை நிறையவே பார்க்கலாம். வெளியூரிலிருந்து வரும் பெண், பேசாத முரட்டுப் பண்ணைக்காரன், இந்த மண்ணின் நியாயம் உனக்குப் புரியாது என்ற ஒரு வசனம், கடைசியில் அவளுக்குப் புரிந்துவிடும். இனி அப்படி ஒரு கதை கையில் கிடைத்தால், நாயகி கடைசியில் எதைப் புரிந்துகொள்கிறாள் என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த நிலம் அதற்கு முன் யார் பெயரில் இருந்தது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஸ்வீட்வாட்டர் ஆற்றோரம் ஒரு 160 ஏக்கர் எல்லா வாட்சன் என்ற பெயரில் இருந்தது.