சாதுவன் பெற்ற பொருள் யாருடையது?

மணிமேகலையின் 16ஆம் காதையாகிய ஆதிரை பிச்சையிட்ட காதையைப் பாடமாக நடத்துவோர், இரண்டு செய்திகளைச் சிறப்பாக எடுத்துரைப்பர். ஒன்று, தீயும் சுடாத ஆதிரையின் கற்பு. மற்றொன்று, நாகர் தலைவனைத் திருத்திய சாதுவனின் சொல்வன்மை. இரண்டும் காப்பியத்தில் உள்ளனவே. ஆயினும், கதையின் நடுவே கிடக்கும் ஒரு பொருட்குவியலை நாம் நின்று நோக்குவதில்லை. அதனை நோக்கினாலன்றிச் சாத்தனாரின் கருத்து முழுமையாக விளங்காது என்பது என் துணிபு.

சூதிற் பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கலமேறுகிறான். நள்ளிரவில் கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் வாழும் மலையை அடைகிறான். அவர்கள் அவனை உணவாகவே காண்கின்றனர். அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால் உயிர் தப்புகிறான். தலைவனின் இருப்பிடத்தில் கள்ளும் புலால் நாற்றமும் உலர்ந்த வெள்ளெலும்புகளும் நிறைந்திருந்தன என்கிறார் புலவர். அறங்கேட்டு மனம் மாறிய தலைவன், முன்பு கலங்கவிழ்ந்து வந்த மாந்தரைத் தாங்கள் தின்றதையும், அவர்கள் பொருள்கள் இவை என்பதையும் மறைக்காமற் கூறி, மணமரங்களையும் மெல்லிய துகில்களையும் பெருநிதியையும் சாதுவனுக்கு அளிக்கிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் அவன் ஊர் மீள்கிறான்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அப்பொருள் யாருடையது? தலைவன் ஈட்டியதன்று, சாதுவன் உழைத்துப் பெற்றதுமன்று. பெயர் தெரியாத பல வணிகரின் உடைமை அது. அவர்களுக்கும் ஆதிரையைப் போன்ற மனைவியர் இருந்திருப்பர். அசரீரி அவர்களுக்கு ஒன்றும் உரைக்கவில்லை.

இவ்வினா எல்லாக் கடற்கரைக்கும் பொதுவானது. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில், காகதீய மன்னர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டை ஒட்டிப் பொறித்த அபய சாசனம் இதற்கு விடை கூறுகிறது. புயலால் உடைந்து கரையொதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் முன்னை மன்னர்கள் கவர்ந்துகொண்டனர் என்றும், தாம் வரையறுத்த சுங்கம் ஒழிய மற்றவற்றை உரியவர்க்கே விடுவதாகவும் அம்மன்னர் அறிவிக்கிறார். சாதுவன் தலைவனுக்குச் சொன்ன அறமோ வேறு. கலமுடைந்து வருவோரைக் கொல்லாது அவர் உயிரைப் பேணுக என்பதே அவன் அறிவுரை. பொருளைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. சாசனம் பொருளைக் காத்தது. காப்பியம் உயிரைக் காத்தது.

உயிரையே பொருளாக எண்ணிய கணக்கும் உலகில் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்புடாவை ஆங்கிலேயரான காட்ரிங்டன் குடும்பத்தார் 1685இல் குத்தகைக்குப் பெற்று 1870 வரை வைத்திருந்தனர். அத்தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் மோதிக் கப்பல்கள் பல உடைந்தன. அவற்றின் சரக்கை மீட்பது தீவின் வருவாய்களுள் ஒன்று. மீட்கும் உழைப்பு அடிமைகளுடையது; வருவாய் குத்தகைக்காரருடையது. அக்காலத் தோட்டக் கணக்குகளில் அடிமைகளும் ஆடுமாடுகளும் ஒருங்கே சொத்தாக எழுதப்பட்டன. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் 1834இல் அடிமை முறை ஒழிந்தபோது, இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுனும் உடையவர்க்கே சென்றது. உழைத்தவர்க்கு ஒரு காசும் இல்லை. கடலிலிருந்து சரக்கை மீட்டவனே கணக்கில் சரக்காக நின்றான்.

தோட்டப்புறத்தாராகிய நமக்கு இஃது அயலார் கதையன்று. அடிமை முறையும் ஒப்பந்தக் கூலி முறையும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும், மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்ட அவ்வொப்பந்த முறையில், கப்பற்செலவு தொழிலாளியின் தலையிலேயே கடனாக ஏறிற்று. கிராணியின் செக்ரோலில் வேலை செய்த நாள் உண்டு, கூலி உண்டு, பிடித்தம் உண்டு. அவன் பட்ட பாட்டுக்கு அதில் இடமில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரில் பல்லாயிரவர் மீளவே இல்லை. அவர்களுள் மிகப் பலர்க்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. சாதுவனுக்கு முன் அக்கரையில் ஒதுங்கியோரைப் போல, கதையிலும் அவர்கள் பெயரற்றோரே.

இனி, காப்பியத்திற்கு மீள்வோம். ஊர் திரும்பிய சாதுவன் அப்பொருளைக் கொண்டு ஆதிரையுடன் வாழ்ந்து, தானம் பல செய்தான் என்கிறார் சாத்தனார். அம்மனையில்தான் மணிமேகலை அமுதசுரபியில் முதற்பிச்சை ஏற்கிறாள். இவ்வரிசையை நோக்குக. மனிதரைத் தின்ற இடத்தில் குவிந்த பொருள், மனிதர்க்குச் சோறிடும் மனைக்கு வந்து சேர்கிறது. ஊர்ப்பசி தீர்க்கும் பாத்திரத்தில் முதலில் விழுந்த சோறு அம்மனையின் சோறு. உரியவர் யாரெனத் தெரியாத பொருளுக்குத் தக்க உரிமையாளர் பசித்தோரே என்று புலவர் சொல்லாமற் சொல்கிறார். காதையின் ஆழம் இங்கேதான் உள்ளது.

இது வலிந்து கொண்ட பொருள் என்று சிலர் கூறலாம். ஆதிரையின் கற்பினாலேயே அவள் கைப்பிச்சை சிறந்தது என்பது காப்பியத்தின் வெளிப்படையான கூற்று. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், கற்பை மட்டுமே காட்டுவது புலவரின் நோக்கமாயின், பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத் தலைவன் வாயால் அத்துணை வெளிப்படையாகச் சொல்வித்திருக்க வேண்டியதில்லை. நாகர் பரிசளித்தனர் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். சாத்தனார் எலும்பையும் காட்டினார், நிதியையும் காட்டினார்.

குறையொன்றும் சொல்லத்தான் வேண்டும். இறந்த வணிகரை நினைந்து சாதுவன் ஒரு சொல்லும் கூறியதாகக் காப்பியத்தில் இல்லை. தானம் கடனைத் தீர்க்கலாம். நினைவு வேறு கடன். அதனை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் நிறைவு செய்யலாம். ஆதிரையின் கற்பைச் சொல்லி முடித்தபின், அப்பொருள் யாருடையது என்று மாணவரை ஒருமுறை கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அதற்குச் சொல்லும் விடை, நம் உரைநூல்களில் இல்லாததாக இருக்கக் கூடும்.