மாலை ஆறு மணி கட்-ஆஃப்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலேற வேண்டிய கன்டெய்னர்களுக்கு டாகுமென்ட் வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸை நினைத்துப் பாருங்கள். கட்-ஆஃப் மாலை ஆறு மணி. பார்ம் 13 கைக்கு வராமல் டிரெய்லர் கேட்டுக்குள் நுழையாது. டிரைவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடிக்கிறார். அந்த நேரம் பார்த்து, பழக்கமில்லாத முகவரியிலிருந்து 'திருத்திய இன்வாய்ஸ்' வருகிறது. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் திறக்காமல் என்ன செய்வார்? முகம் தெரியாதவர்கள் அனுப்பும் ஃபைலைத் திறப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம்!

அவரிடம் போய் 'தெரியாத மெயிலைத் தொடாதே' என்கிறது வருடாந்தர விழிப்புணர்வு வகுப்பு. பத்துக் கேள்வி, ஒரு சர்டிபிகேட், ஆடிட்டருக்குத் திருப்தி. வகுப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், அதிலிருக்கும் நம்பரை விட்டுவிட்டு, பழைய பில்லில் உள்ள நம்பருக்குப் போன் போட்டுக் கேள் என்பது நல்ல பாடம். அந்த ஒரு பழக்கம் பல லட்சங்களைக் காப்பாற்றும்.

சிக்கல், பொய் மெயில் அனுப்பி ஊழியரைச் சோதிப்பதில் இருக்கிறது. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்தார்கள். சோதனையில் ஏமாந்தவர்களுக்கு அங்கேயே பாடப்பக்கம் காட்டியதால் அவர்கள் தேறவில்லை. இன்னும் எளிதாக ஏமாறினார்கள். அதே ஆய்வில் பலித்தது வேறொன்று: சந்தேக மெயிலை ஒரு பட்டனைத் தட்டி ஊழியர்களே தெரிவிக்கும் வசதி.

2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தைத் தாக்கியபோது, மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் முடங்கியது. ஊழியர் அசட்டையை எச்சரிக்க இந்தக் கதையைச் சொல்வதுண்டு. ஆனால் அது நுழைந்தது உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாக. யாரும் எந்த லிங்க்கையும் தட்டவில்லை.

நம்மூர்க் கதை கூடங்குளம் அணுமின் நிலையத்துடையது. நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள ஒரு கணினியில் வைரஸ் புகுந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இருந்ததால் பாதிப்பில்லை என்றது அணுமின் கழகம். 2019 அக்டோபர் 29-இல் தாக்குதலே இல்லை என்று நிலையம் மறுத்தது. மறுநாள் கழகம் ஒப்புக்கொண்டது. நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் சொல்லியிருந்தது. மேலிடமே முதலில் மறுக்கும்போது, குமாஸ்தா தன் தப்பைத் தானாகச் சொல்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

யார்டில் சங்கதி வேறு. கிரேனில் தொங்கும் பெட்டி ஒருவர் தலையை மயிரிழையில் உரசாமல் போனால் அதை 'நியர் மிஸ்' என்று எழுதித் தரச் சொல்கிறார்கள், காலைப் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் டாக்கில் பேசுகிறார்கள். ஏ.சி. அறைக்குள் அந்த நாகரிகம் வருவதில்லை. பொய் மெயில் சோதனையில் விழுந்தவரின் பெயர் மேனேஜருக்கு லிஸ்டாகப் போகிறது. 2022-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கிறது. நிறுவனத்துக்குத் 'தெரிவது' எப்போது? அந்தப் பெண் வாய் திறக்கும்போது. அவர் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆள். மூன்று ஷிப்டுக்கும் ஒரே லாகின், பாஸ்வேர்ட் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டில். ஃபைல் திறந்து திரை ஒரு கணம் கறுத்து மீண்டதைப் பார்த்தார். மணி 5.40. டிரைவர் மறுபடி கூப்பிடுகிறார்.