அகலம் குறையாமல் ஆழம்

எண்ணெய்க் கிணறு கீழே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். மேலே 20 அங்குலக் குழாயில் தொடங்கினால் அதற்குள் 13⅜, அதற்குள் 9⅝, அதற்குள் 7 என்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும். ஒரு குழாயை இறக்கி, சிமென்ட் போட்டு நிறுத்திவிட்டால், அதற்குள் நுழையக்கூடிய பிட்டால்தான் அடுத்த துளையைப் போட முடியும். ஆகவே கிணறு தொடங்கும் நாளிலேயே அதன் கடைசி அகலம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. துரப்பணத் துறை நெடுங்காலம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டே வேலை செய்தது. சிறிய குழாயாக உள்ளே இறக்கி, பூமிக்கடியில் வைத்தே அகலமாக்கும் விரியும் லைனர் அந்தக் கணக்கைத் தளர்த்தியது. புதுக் கிணறுகளில் அது ஒரு வசதி. வயதான கிணறு ஒன்றை இன்னும் ஆழப்படுத்தும்போதுதான் அதன் முழு அருமையும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

வயதான கிணற்றை ஏன் ஆழப்படுத்த வேண்டும்? முப்பது நாற்பது ஆண்டு எண்ணெய் தந்து ஓய்ந்த பாறைக்குக் கீழே, யாரும் தொடாத இன்னொரு பாறை இருக்கலாம். மேலே கிணற்றுத் தலை இருக்கிறது, சாலை இருக்கிறது, குழாய்த் தடம் இருக்கிறது. கடலில் என்றால் மேடையில் புதுக் கிணற்றுக்கு இடமே மிச்சம் இருக்காது. மேலேயுள்ள ஆயிரக்கணக்கான அடி இரும்பும் சிமென்டும் ஏற்கெனவே போட்ட முதல். அந்த முதலை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சம் சில நூறு மீட்டர் மட்டும் இறங்கினால் போதும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட மலிவான வழி கிடையாது.

சிக்கல் ஓய்ந்துபோன அந்தப் பாறையிடம்தான். மத்திய கிழக்கின் சுண்ணாம்புப் பாறை வயல்களில் 7 அங்குலக் கேசிங் குழாயை எண்ணெய்ப் பாறையின் தலைமட்டத்தில் நிறுத்திவிட்டு, கீழே திறந்த துளையாகவே எண்ணெய் எடுக்கும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். பாறை 3000 மீட்டரில் இருக்கிறது. 10 மீட்டர் நீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று வைத்தால், தொடக்கத்தில் அங்கே அழுத்தம் சுமார் 300 கிலோ. பல ஆண்டு எண்ணெய் எடுத்த பிறகு அது 150-க்கு இறங்கியிருக்கிறது. 3300 மீட்டரில் இருக்கும் அடுத்த பாறையை யாரும் தொடவில்லை, அங்கே இன்னும் 330 கிலோ நிற்கிறது. அதைச் சற்று மிகையாகவே அடக்கி வைக்க, நீரைப்போல 1.1 மடங்கு கனமான மட் என்ற துரப்பணச் சேறு துளையில் நிற்க வேண்டும். அதே மட் 3000 மீட்டரில் தரும் அழுத்தம் 330 கிலோ. எதிரே இருப்பதோ 150. இடைவெளி 180 கிலோ!

அந்த இடைவெளியில் மட் பாறைக்குள் பாயும். டிரில் பைப்பை அந்த வேற்றழுத்தம் துளைச் சுவரோடு ஒட்டிவிடும், இழுத்தாலும் வராது. இன்னொரு கொடுமையும் சேர்கிறது: பாறையின் உள்ளழுத்தம் குறையக் குறைய அது பிளக்கும் அழுத்தமும் குறைகிறது. இளமையில் தாங்கிய மட்டை முதுமையில் அது தாங்காது. கீழ்ப் பாறைக்குத் தேவையான கனம் மேல் பாறையை உடைக்கும், மேல் பாறைக்கு ஏற்ற கனத்தில் கீழ்ப் பாறை பொங்கி எழும். இரண்டுக்கும் பொதுவான ஒரு மட் கிடையாது. மேல் பாறையைக் குழாய் போட்டு மூடியே ஆக வேண்டும்.

மூடலாம். 7 அங்குலத்துக்குள் வழக்கமான 4½ அங்குல லைனரை இறக்கி மூடினால் அதன் உள்விட்டம் 3.958 அங்குலம். அடுத்த துளை 3¾ அங்குலப் பிட்டில். அதற்குள் போகக்கூடியது 2⅞ அங்குலக் குழாய், உள்விட்டம் 2.441. அவ்வளவு மெல்லிய டிரில் பைப்பை வைத்து ஆழத்தில் துளை போடுவதே பெரும் அவதி. பாறையை அளக்கும் லாகிங் கருவி, பம்பு, பிறகு செய்யவேண்டிய பழுதுபார்ப்பு எல்லாம் அந்தச் சந்துக்குள்தான். இதே இடத்தில் 5½ அங்குல விரியும் லைனரை இறக்கி 7 அங்குலக் கேசிங்கின் உட்சுவர் வரை விரித்தால், உள்ளே 5 அங்குலத்துக்கும் மேல் வழி கிடைக்கிறது. அதன் வழியே துளை போட்டு, புதுப் பாறைக்குள் இணைப்புப் புடைப்பில்லாத 4½ அங்குலக் குழாயைக் கொண்டுபோகலாம். 3.958-க்கும் 2.441-க்கும் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டரை மடங்குக்கு மேல். ஆழப்படுத்திய கிணறு பிழைத்து ஓடுமா, பெயருக்கு ஓடுமா என்பதை இந்த இரண்டரை மடங்குதான் தீர்மானிக்கிறது.

இனி இரும்புக்கு வருகிறேன். இந்த வேலையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். மீட்சி எல்லை என்று பதினோராம் வகுப்பு இயற்பியலில் எல்லோரும் படித்திருப்போம். அந்த எல்லைக்குள் இழுத்தால் இரும்பு திரும்பி வரும், தாண்டினால் வராது. பாலம் கட்டுபவர், பாய்லர் செய்பவர், கேசிங் வடிவமைப்பவர் யாராக இருந்தாலும் அந்த எல்லையை நெருங்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகியவர்கள். விரியும் லைனரின் வேலை அந்த எல்லையைத் தாண்டிய இடத்தில்தான் தொடங்குகிறது. இந்த வகை உருக்கு நூற்றுக்குக் கால் பங்குக்குச் சற்று அதிகமாக நீண்டாலே எல்லையைத் தாண்டிவிடும். குழாயை அகலமாக்கத் தேவையோ நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல். அறுந்துபோகும் இடம் அதற்கும் அப்பால் இருக்கிறது. திரும்பி வராத, ஆனால் அறுந்தும் போகாத அந்த நடுநிலத்தைப் பொறியாளர்கள் பொதுவாக ஆபத்து என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்தக் கலை அதைக் குடியிருப்பாக்கியது.

விரலுக்குச் சிறிதாகிவிட்ட மோதிரத்தைப் பொற்கொல்லர் கூம்பு வடிவ இரும்புக் கோலில் செருகித் தட்டித் தட்டி ஒரு சுற்றுப் பெரிதாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் அதேதான். இங்கே கூம்பே குழாய்க்குள் நகர்கிறது, தட்டுவதற்குப் பதில் அடியிலிருந்து நீரழுத்தம் அதைத் தள்ளுகிறது. மோதிரம் பெரிதாகும்போது மெலிவதுபோலக் குழாயின் சுவரும் மெலிகிறது, நீளமும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சுருங்குகிறது. இரும்பு எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமல்லவா? அதனால்தான் இந்தக் குழாய்களுக்குத் தையலற்ற குழாயை விட்டுவிட்டு, தகட்டை வளைத்து மின்னால் பற்றவைத்த குழாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தையலற்றது உயர்ந்தது என்று பழகிய காதுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் திரண்ட இரும்பைக் குடைந்து செய்யும் தையலற்ற குழாயில் சுவர் ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும் போகும். சாதாரணக் கேசிங்கில் நூற்றுக்கு 12½ பங்கு வரை மெலிவதை விதியே அனுமதிக்கிறது. விரிக்கும்போது மெலிந்த பக்கமே மேலும் மெலியும். உருட்டிய தகட்டில் தடிமன் சீராக இருக்கும், விரிவும் சீராக இருக்கும்.

இந்த யோசனை ஒரே இடத்தில் முளைத்ததல்ல. 1948-இல் கண்டுபிடிக்கப்பட்ட ரோமாஷ்கினோ வயல் இருக்கும் தாதாரிஸ்தானில், புகுல்மா நகரத்து ஆய்வு நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. குழாயின் குறுக்குவெட்டை நெளி நெளியாக மடித்துச் சிறிதாக்கி இறக்கினார்கள். உள்ளே அழுத்தம் கொடுத்து மடிப்பை நிமிர்த்தி, உருளைகளால் தேய்த்துச் சுவரோடு சேர்த்தார்கள். மட் ஓடிப்போகும் இடங்களை அகலம் குறையாமல் அடைக்க 1980-களிலேயே இது அங்கே கைவந்த கலை. கூம்பு வழியை 1990-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஷெல் நிறுவனம் சோதித்தது. 1998-இல் ஷெல்லும் ஹாலிபர்ட்டனும் சேர்ந்து என்வென்ச்சர் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. 1999 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் செவ்ரான் நிறுவனத்தின் கிணற்றில், 9⅝ அங்குலக் கேசிங்குக்குக் கீழே, ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்துக்கு 7⅝ அங்குல லைனர் விரிக்கப்பட்டது. வணிக முறையில் முதல் வேலை அது.

வேலை நடக்கும் ரிக் தளத்தில் பார்க்க வேண்டியது கவனம். வழக்கமான கேசிங்கைக் குழாய் திருகும் டாங் பல் பதிய இறுக்கிப் பிடிக்கும், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. விரியும் குழாயில் அப்படி ஒரு பல் தடம் விழுந்தால், விரியும்போது அந்தத் தடமே பிளவாகும். தடம் பதிக்காத பிடிகளைக் கொண்டு, ஒவ்வொரு குழாயையும் தடவிப் பார்த்து இறக்குகிறார்கள். உள்ளே பூசிய வழுக்குப் பூச்சில் மணல்துகள் ஒட்டியிருக்கக் கூடாது. குழாயின் அடியில் கூம்பு தயாராக உட்கார்ந்திருக்கிறது. துளையின் அடிக்குப் போனதும் முதலில் சிமென்ட். பிறகு டார்ட் என்ற அடைப்பு இறங்கி அடிவழியை மூடுகிறது. பம்பை ஓட்டினால் கூம்புக்குக் கீழே அழுத்தம் ஏறுகிறது.

அந்த நேரத்தில் எல்லோர் கண்ணும் பிரஷர் கேஜில். முள் ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் தயங்கும், சட்டென்று சற்று இறங்கிச் சீராகும். கூம்பு நகரத் தொடங்கிவிட்டது. கீழே நடப்பதைக் காட்ட அந்த முள்ளும் டிரில்லரின் கைப்பிடியில் தெரியும் எடையும் தவிர வேறு சாட்சி இல்லை. கூம்போடு சேர்ந்த டிரில் பைப் 90 அடி மேலே வந்ததும் பம்பை நிறுத்தி, ஸ்டாண்ட் எனப்படும் அந்தத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். நாற்பது அடிக்கொரு முறை முள் மெல்ல எழுந்து தணியும், மரையால் பூட்டிய தடித்த இணைப்பைக் கூம்பு கடக்கிறது என்று அர்த்தம். இணைப்புகளை எண்ணியே கூம்பு எங்கே இருக்கிறது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். கடைசியில் பழைய கேசிங்குக்குள் மேற்படிந்த பகுதி வரும். அங்கே குழாயின் வெளிப்புறத்தில் பட்டை பட்டையாக ரப்பர் கட்டியிருக்கும். விரியும் இரும்பு அந்த ரப்பரைப் பழைய சுவரோடு நசுக்கும்போது முள் தெளிவாக ஏறும். இந்தத் தொழிலில் இதைவிட இனிய காட்சி எனக்குத் தெரியாது. தொங்குவதற்கும் கசியாமல் அடைப்பதற்கும் அந்த ஒரு நசுக்கலே போதும். கூம்பு வெளியே வந்ததும் முள் சரிந்து விழும்.

இத்தனைக்கும் சிமென்ட் அதுவரை நீராகவே இருந்தாக வேண்டும். வழக்கமான லைனரில் சிமென்ட் கடைசி வேலை. இங்கே முதல் வேலை, விரிந்து முடியும்வரை இறுகக் கூடாது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரின் அளவை ஆய்வுக்கூடத்தில் அந்த ஆழத்தின் வெப்பத்திலேயே சோதித்து முடிவுசெய்கிறார்கள். கூம்பு பாதி வழியில் நின்றுவிட்டால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்: கீழே அகன்ற குழாய், மேலே குறுகிய குழாய், பின்னால் இறுகிக்கொண்டிருக்கும் சிமென்ட்.

இரும்பும் இதற்கு ஒரு விலை கேட்கிறது. ஒரு திசையில் எல்லை தாண்டி இழுத்த உலோகம், எதிர்த் திசையில் அமுக்கும்போது முன்னைவிடச் சீக்கிரம் தளரும். மியூனிக்கில் பேராசிரியராக இருந்த யோஹான் பவுஷிங்கர் 1880-களில் இதைக் கண்டு சொன்னார். உள்ளிருந்து விரித்த குழாய், வெளியிலிருந்து பாறையும் நீரும் அமுக்கும்போது அதே வகையில் தளர்கிறது. ஆகவே விரிந்த லைனர், அதே அளவுள்ள சாதாரணக் குழாயைவிடக் குறைந்த வெளியழுத்தத்திலேயே நசுங்கும். அழுத்தம் செத்துப்போன பாறையை மூடும் இடத்தில் இது பெரும்பாலும் தாங்கும். உப்புப் பாறையோ நகரும் ஷேலோ வெளியே இருந்தால் நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். செலவும் அதிகம். சாதாரண லைனர் போட்டும் போதிய அகலம் மிஞ்சும் கிணற்றில் இதை இறக்குவது வீண் பகட்டு. ஒரே அங்குலத்துக்காகக் கிணறே பலியாகும் இடத்தில்தான் இதற்கு மதிப்பு.

அந்த அங்குலத்தைக் கணிப்பதற்குப் பழைய கோப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 7 அங்குலக் கேசிங் என்று எழுதியிருந்தால் வெளிவிட்டம் மட்டும்தான் தெரியும். அடிக்கு 23 பவுண்டு குழாயின் உள்விட்டம் 6.366 அங்குலம், 26 பவுண்டுக்கு 6.276, 29 பவுண்டுக்கு 6.184, 32 பவுண்டுக்கு 6.094. ஒரே கிணற்றில் மேலே ஒரு எடை, நடுவே ஒரு எடை, அடியில் ஒரு எடை என்று கலந்து இறக்குவது சகஜம். ரப்பர் பட்டை எந்த எடைக் குழாயில் போய் நசுங்கப் போகிறது என்பது தெரியாவிட்டால் கூம்பின் அளவையே தேர்ந்தெடுக்க முடியாது. சிறிதாகப் போனால் ரப்பர் அடைக்காது. பெரிதாகப் போனால் துருவில் மெலிந்த பழைய கேசிங் கிழியும். கருவி இறக்கிச் சுவர்த் தடிமனை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஆனாலும் எத்தனையாவது குழாயில் எடை மாறுகிறது, எங்கே சிமென்ட் சரியாக ஏறவில்லை, எந்த ஆழத்தில் மட் காணாமல் போனது என்பதெல்லாம் முதன்முதலில் கிணறு தோண்டியவர் எழுதி வைத்ததில்தான் இருக்கிறது.

இன்று ரிக்கில் நின்று கிணற்று அறிக்கை எழுதும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேசிங் பட்டியலில் ஒவ்வொரு குழாயின் எடையையும் நீளத்தையும் இறங்கிய வரிசையையும் விடாமல் எழுதுங்கள். மேலெழுந்தவாரியாக "7 அங்குலம், அடி வரை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கிணற்றை ஆழப்படுத்த வருகிறவருக்கு அந்தப் பட்டியலே முதல் கருவி.